எட்டு மில்லிமீட்டர் கண்ணாடியில் இரண்டு துளைகள்

மூன்றடி மீன் தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வைத்து, வடிகட்டும் வேலையை அங்கே மாற்ற வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. மேல் தொட்டியில் நிரம்பும் தண்ணீர் தானாகக் கீழே வழிய வேண்டும், பம்பு அதைத் திரும்ப மேலே அனுப்ப வேண்டும். தொட்டியின் விளிம்பில் தொங்கவிடும் வழிகுழாய்கள் இருக்கின்றன. ஆனால் அவை சைஃபனை, அதாவது நீர் நிரம்பிய குழாய் விளிம்பைத் தாண்டித் தண்ணீரைத் தானாக இழுத்து இறக்கும் முறையை, நம்பி ஓடுபவை. உள்ளே காற்று சேர்ந்து சைஃபன் அறுந்தால் வடிதல் நின்றுவிடும். பம்பு மட்டும் நிற்காமல் இறைத்துக்கொண்டே இருக்கும். இரவில் அப்படி நடந்தால் காலையில் கால் வைக்கும் இடமெல்லாம் தண்ணீர். ஆகவே கண்ணாடியில் துளை போடுவது என்று முடிவு செய்தேன். துணிவு வரத்தான் நாலு மாதம் ஆனது.

தொட்டி 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். கண்ணாடி 8 மி.மீ. மீன்களை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் அதிலேயே போட்டு ஓடவிட்டேன். மணலை வாரி எடுத்து, தொட்டியைக் கழுவிக் காயவைத்ததிலேயே ஒரு நாள் போனது. அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை, முதுகு வலியைத் தவிர.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தக் கண்ணாடி டெம்பர் செய்யப்பட்டதா என்பது. டெம்பர்டு கண்ணாடியில் எந்த பிட்டாலும் (டிரில்லில் மாட்டும் துளைமுனை), எவ்வளவு பொறுமையாலும் துளை போட முடியாது. அதை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாக அடித்து மேற்பரப்பை மட்டும் சட்டென்று குளிர வைக்கிறார்கள். வெளித்தோல் முதலில் இறுகிவிடும். உள்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கும்போது வெளித்தோலை இழுத்து நெருக்கும். வெளியே அழுத்தம், உள்ளே இழுவிசை, இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தத் தோலைத் தாண்டி பிட் உள்ளே இறங்கினால் சமநிலை குலைந்து மொத்தக் கண்ணாடியும் சிறு துண்டுகளாகச் சிதறும். டெம்பர்டு கண்ணாடியில் துளை வேண்டுமென்றால் சூடாக்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே துருவப்படுத்தப்பட்டது. போலரைஸ்டு குளிர்க்கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டே குளிர்க்கண்ணாடியைத் திருப்பினால், ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அந்தக் கோணத்தில் பிடித்துக்கொண்டு, திரைக்கும் கண்ணுக்கும் நடுவே சோதிக்க வேண்டிய கண்ணாடி வரும்படி செய்ய வேண்டும். சாதாரணக் கண்ணாடி என்றால் இருட்டு அப்படியே இருக்கும். டெம்பர்டு என்றால் உள்ளே உறைந்திருக்கும் விசைகள் ஒளியைத் திருப்பிவிடுவதால் வெளிச்சத் திட்டுகளும் பட்டைகளும் தெரியும். லேப்டாப்பில் வெள்ளைத் திரையை வைத்து, காலித் தொட்டிக்குள் பின்சுவரைப் பார்க்க உட்காரவைத்தேன். வீட்டுக்குள் குளிர்க்கண்ணாடி போட்டுக்கொண்டு, மீன் தொட்டிக்குள் இருக்கும் லேப்டாப்பை உற்றுப் பார்க்கும் மனிதனைப் பார்த்து மகள் ஒன்றும் கேட்கவில்லை. படம் மட்டும் எடுத்துக்கொண்டாள்.

பின்சுவர் இருட்டாகவே இருந்தது. அடித்தட்டைச் சோதித்தபோது சிறுத்தைத் தோல் போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. கடையில் வாங்கும் தொட்டிகளில் அடித்தட்டு மட்டும் டெம்பர்டாக இருப்பது உண்டு. அடியில் போடலாமா என்ற யோசனைக்கு அங்கேயே முற்றுப்புள்ளி. அது சாதாரணக் கண்ணாடியாக இருந்திருந்தாலும் நான் பின்சுவரைத்தான் எடுத்திருப்பேன். சுவரின் மேல்பக்கத்தில் உள்ள துளை கசிந்தால் துளை மட்டம் வரைதான் தண்ணீர் போகும், அடியில் உள்ளது கசிந்தால் தொட்டி முழுக்கக் காலி.

அடுத்தது அளவு. கண்ணாடிச் சுவரின் இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும் மரையிட்ட இணைப்பானை பல்க்ஹெட் என்பார்கள். என்னுடையது 1 அங்குலம். அந்த 1 அங்குலத்தை நம்பி பிட் வாங்கினால் ஏமாந்துபோவோம், அது குழாயின் பெயர்தான். மரைப் பகுதியை வெர்னியர் காலிபரில் அளந்தால் 33 மி.மீ.க்குச் சற்று மேல் வந்தது. அதற்கு 35 மி.மீ. பிட். கழுத்துப் பட்டை 52 மி.மீ. அகலம் என்பதால் துளையைச் சுற்றி எட்டரை மி.மீ. கண்ணாடியை ரப்பர் வளையம் மூடும். ஒரே பெயரில் வரும் பல்க்ஹெட்களுக்குக்கூடத் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் துளை அளவு மாறும். முதலில் பல்க்ஹெட் கையில் வர வேண்டும், பிறகுதான் பிட்.

இடம் குறிக்கும்போது நான் வைத்துக்கொண்ட விதி, துளையின் ஓரத்துக்கும் கண்ணாடியின் ஓரத்துக்கும் நடுவே குறைந்தது துளையின் விட்டம் அளவு கண்ணாடி மிஞ்ச வேண்டும் என்பது. இரண்டு துளைகளுக்கு இடையிலும் அதே கணக்கு. முதல் துளையின் மையம் மேல் விளிம்பிலிருந்து 75 மி.மீ. கீழே. இரண்டாவது, முதலாவது அடைத்துக்கொண்டால் காப்பாற்றுவதற்கான உபரித் துளை, 60 மி.மீ. கீழே. ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால் சாதாரண நாட்களில் அது காய்ந்தே கிடக்கும். இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். அது பின்னால் வந்து கடித்தது.

தொட்டியைத் தொடுவதற்கு முன் பழைய ஜன்னல் கண்ணாடி, 5 மி.மீ., ஒன்றை எடுத்துப் பழகினேன்.

பிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இது உள்ளே குடைவான உருளை. விளிம்பில் வைரத் துகள்கள் முலாம்போல ஒட்டப்பட்டிருக்கும். மரத்தில் நடப்பது போல இது வெட்டி இறங்குவதில்லை, தேய்த்துத் தேய்த்து அரைக்கிறது. அம்மியில் யாரும் குத்த மாட்டார்கள் அல்லவா, அப்படி. அரைக்கும் இடத்தில் சூடு பிறக்கும். கண்ணாடி வெப்பத்தைக் கடத்துவதில் மகா மந்தம், ஆகவே பிட் தொடும் இடம் மட்டும் சூடாகி விரியும், பக்கத்தில் இருப்பது குளிராகவே இருக்கும். அந்த இழுபறியில்தான் விரிசல் பிறக்கிறது. தண்ணீரின் முதல் வேலை அதைத் தடுப்பது. அரைபட்ட மாவை வெளியேற்றுவதும், கண்ணாடித் தூள் காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போகாமல் அடக்குவதும்கூட அதே தண்ணீர்தான். உலர்வாக ஒரு விநாடிகூட ஓட்டக்கூடாது.

பழகிய முதல் துளை போட்ட ஒரு நிமிடத்திலேயே 'டிக்' என்று ஒரு சத்தம். துளையின் நடுவிலிருந்து ஓரம்வரை வளைந்த விரிசல். பிட்டைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தால் அடியில் விரித்திருந்த அட்டையின் மேல் ஒரு சிறு கல், கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே டிரில்லின் கனம், கீழே ஒரே ஒரு புள்ளியில் முட்டுக்கொடுத்த கல். அப்புறம் அட்டையை எறிந்துவிட்டு, துடைத்த தரையில் தெர்மாகோல் தகட்டைப் போட்டேன். அதிலே சின்னத் தூசி இருந்தாலும் அமுங்கிக்கொள்ளும்.

இரண்டாவது துளை கடைசிவரை நன்றாகப் போனது. முடியப்போகிறது என்ற சந்தோஷத்தில் கை தானாக அழுத்திவிட்டது. வட்டத் துண்டு கழன்று விழுந்தது, ஆனால் அடிப்பக்க விளிம்பில் நகம் போல ஐந்து மி.மீ. சில்லு பெயர்ந்திருந்தது. வெளியேறும் பக்கத்தில் கடைசி அரை மி.மீ. அப்பளம் மாதிரி மெலிந்திருக்கும். அதற்கு டிரில்லின் எடையே அதிகம். தாங்கிப் பிடிக்க வேண்டும். மூன்றாவது துளையில் அடிப்பக்கம் அகலமான டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி, கடைசியில் டிரில்லை ஏறக்குறையத் தூக்கியே பிடித்தேன். சில்லு ஒரு மி.மீ.கூட இல்லை. நேரம் நாலு நிமிடம். சரி, தொட்டிக்குப் போகலாம்.

காலித் தொட்டியே முப்பது கிலோவுக்கு மேல். மகளும் நானும் சேர்ந்து அதை முன்பக்கம் தரையில் படும்படி தெர்மாகோல்மேல் படுக்கவைத்தோம். பின்சுவர் இப்போது மேலே, மேசைபோலக் கிடைமட்டமாக. ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டேன், தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கக்கூடாது என்பதற்காக. உள்பக்கத்தில் டேப். வெளியே, குறித்த இடத்தைச் சுற்றி பிள்ளைகள் உருட்டி விளையாடும் களிமண்ணால் ஒரு வரப்பு கட்டி, அதற்குள் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர்.

டிரில் பேட்டரியில் ஓடுவது. தண்ணீருக்குப் பக்கத்தில் வயருள்ள டிரில்லை நான் எடுக்க மாட்டேன். அதுதான் இருக்கிறது என்பவர்கள் மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்புக் கருவி இருக்கும் இணைப்பில் மட்டும் ஓட்டுங்கள், டிரில்லுக்கு மேலே தண்ணீர் தெறிக்காமல் பாருங்கள். டிரில்லில் சுத்தியல் குறி போட்ட, இடித்துத் துளைக்கும் அமைப்பு அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, மூக்குக்கு முகக்கவசம். கையுறை தளர்வாக இருந்தால் சுழலும் பிட்டில் சிக்கும் என்பதால் வெறுங்கைதான், சில்லுகளை எடுக்கும்போது மட்டும் தடித்த கையுறை.

வேகம் நிமிடத்துக்கு 600 சுற்று அளவில் வைத்தேன். 35 மி.மீ. பிட்டுக்கு இந்த வேகத்திலேயே விளிம்பு நிமிடத்தில் 66 மீட்டர் தூரம் கண்ணாடியைத் தேய்க்கிறது. பிட் பெரிதாகப் பெரிதாகச் சுற்றைக் குறைக்க வேண்டும்.

தொடக்கம்தான் தகராறு. நடுவில் ஊசி இல்லாத பிட் வழுவழுப்பான கண்ணாடியில் நிற்காது, பனிக்கட்டியில் விட்ட பம்பரம்போல ஓடிக் கோடு கிழிக்கும். இதற்கு இரண்டு வழி. பிட்டைச் சாய்த்துப் பிடித்து ஒரு பக்கம் மட்டும் பிறைபோலப் பள்ளம் போட்டு, மெதுவாக நிமிர்த்திக்கொண்டே வந்து வட்டத்தை முடிப்பது ஒன்று. பழகிய கைக்கு அது போதும். என் கைக்குப் போதவில்லை. பிளைவுட் துண்டு ஒன்றில் 35 மி.மீ. துளை போட்டு, அதைக் கண்ணாடியில் டேப்பால் இறுக்கி, அந்தத் துளைக்குள் பிட்டை இறக்கினேன். கண்ணாடியில் ஒரு மி.மீ. பள்ளம் விழுந்ததும் பிளைவுட்டை எடுத்துவிட்டு வரப்பைக் கட்டிக்கொண்டேன். அதுவரை மகள் பாட்டிலிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு செய்ய வேண்டியது பெரும்பாலும் சும்மா இருப்பது. டிரில்லின் எடை மட்டும் போதும், கை நேராகப் பிடிக்க மட்டும்தான். இருபது விநாடிக்கு ஒரு முறை பிட்டை லேசாகத் தூக்கினால் பள்ளத்துக்குள் புதுத் தண்ணீர் இறங்கும். தண்ணீர் முதலில் பால்போல வெளுக்கும், பிறகு இட்லி மாவு பதத்துக்கு வரும். அந்தப் பதம் வரும்வரை விட்டால் பிட் மாவின் மேல்தான் வழுக்கும், கண்ணாடியை அரைக்காது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்து நல்ல தண்ணீர் ஊற்றினேன். உலரவிட்டால் அந்த மாவு மறுபடி தூசியாகிவிடும். ஈரமாகவே துடைத்து எடுத்துவிட வேண்டும்.

ஏழாவது நிமிடத்தில் மகள் சொன்னாள், "அப்பா, சத்தம் மாறிடுச்சு." எனக்கு அது கேட்கவே இல்லை. கர்கரவென்று இருந்த ஒலி கொஞ்சம் மெலிந்து கீச்சிடத் தொடங்கியிருந்தது. உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் டேப்புக்குப் பின்னால் வட்டம் நிழலாகத் தெரிந்தது. டிரில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேகத்தையும் குறைத்து, இன்னும் இரண்டு நிமிடம். தண்ணீர் திடீரென்று வடிந்தது. வட்டத் துண்டு டேப்பில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. ஒன்பது நிமிடம். இரண்டாவது துளைக்குப் பதினொன்று, பிட் கொஞ்சம் மழுங்கிவிட்டது. அந்த முறை துண்டு பிட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது, பக்கவாட்டுத் திறப்பு வழியாக ஸ்க்ரூடிரைவரால் தள்ளி எடுத்தேன்.

துளை போட்டவுடன் விளிம்பைத் தடவிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சவரக் கத்திதான் அது. உப்புத்தாளில் ஈரத்தில் தேய்க்கும் வகையை எடுத்து, முதலில் 220, பிறகு அதைவிட நயமான 400 என்று இரு பக்க விளிம்பையும் தண்ணீர் விட்டுத் தேய்த்து மழுக்கினேன். இது விரலுக்காக மட்டும் இல்லை. கண்ணாடியின் கணக்குப்படியான வலிமைக்கும் உண்மையில் அது உடையும் விசைக்கும் ஏன் அவ்வளவு வித்தியாசம் என்று ஆராய்ந்த ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித், 1921இல் வெளியிட்ட கட்டுரையில் பழியைக் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள்மேல் போட்டார். விசை முழுவதும் அவற்றின் முனையில் குவிகிறது. புதிதாக அரைத்த துளை விளிம்பு முழுக்க அப்படிப்பட்ட கீறல்கள்தான். நாளை பல்க்ஹெட்டை இறுக்கும்போதும், தொட்டி நிறைந்து சுவர் லேசாக உப்பும்போதும், ஏதோ ஒரு கீறல் வளரலாம். பத்து நிமிடம் தேய்ப்பதற்குச் சோம்பல்படும் இடமல்ல இது.

பல்க்ஹெட் பொருத்துவதில் இரண்டே விஷயம். ரப்பர் வளையம் கழுத்துப் பட்டையின் பக்கம், அதாவது தண்ணீர் இருக்கும் உள்பக்கம். நட்டின் பக்கம் அல்ல. கையால் இறுக்கி, அதன்மேல் கால் சுற்று, அவ்வளவே. ரப்பர் இருக்கும் இடத்தில் சிலிகானும் பூசினால் ரப்பர் வழுக்கிப் பிதுங்கும், பின்னால் கழற்றவும் முடியாது. நான் பூசவில்லை. ஆனாலும் முதல் நாள் நிரப்பியபோது கீழ்த் துளையில் வியர்வைபோல ஒரு துளி. மேலும் இறுக்கத்தான் கை போகும். போகாமல், தண்ணீரை இறக்கிக் கழற்றினேன். ரப்பருக்கு அடியில் காய்ந்த கண்ணாடி மாவு, ஒரு மணல் அளவு. துடைத்து மறுபடி பூட்டினேன். இரண்டு நாள் நிரம்பிய தொட்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தேன், ஈரம் பட்டால் தெரியும் என்று. காய்ந்தே இருந்தது.

இப்போது முன்னால் சொன்ன கவனக்குறைவு. முதல் துளையில் எல்போவை, அதாவது வளைந்த குழாய் இணைப்பை, வாய் மேலே பார்க்க வைப்பதாகத் திட்டம், நீர்மட்டம் உயரமாக நிற்கும் என்று. பொருத்திப் பார்த்தால், தொட்டியின் மேல் விளிம்பில் உள்பக்கம் ஓடும் ஐந்து சென்டிமீட்டர் அகலக் கண்ணாடிப் பட்டை அந்த வாய்க்கு நேர் மேலே நிற்கிறது. நடுவே ஒரு விரல் நுழையும் இடம்தான். இலை அடைத்தால் கைவிட்டு எடுக்கக்கூட முடியாது. துளையின் இடத்தைக் கண்ணாடியின் ஓரத்தை வைத்துக் கணக்குப் போட்டேனே தவிர, அதில் மாட்டப்போகும் எல்போவை ஒரு முறைகூட அந்த இடத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. துளையை நகர்த்தவா முடியும்? எல்போவைக் கீழ்நோக்கித் திருப்பினேன்.

பம்பைப் போட்டதும் சில நிமிடம் எல்லாம் அமைதி. கீழ்த் தொட்டியில் நீர் 25 செ.மீ.யில் நின்றது. அது 60 செ.மீ. நீளம், 30 அகலம், 35 உயரம். ஒரு சென்டிமீட்டருக்கு 1.8 லிட்டர், விளிம்புவரை இன்னும் 18 லிட்டர் பிடிக்கும். திடீரென்று கழிப்பறையில் தண்ணீர் இழுப்பது போல ஒரு சத்தம். குழாயில் இருந்த காற்று வெளியேறி முழு சைஃபன் பிடித்துவிட்டது. பம்பு தருவதைவிட வேகமாக மேலிருந்து தண்ணீர் இறங்கியது. மேல் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்றால் சுமார் 4 லிட்டர். பல்க்ஹெட் வாய்க்கு மேலே நின்ற ஒன்றரை சென்டிமீட்டர், 6 லிட்டர். எல்போவின் வாய் அதற்கும் கீழே 2.7 செ.மீ. இருப்பதால் இன்னும் 11 லிட்டர். பதறிப் பம்பை நிறுத்தினேன், இரண்டு குழாய்களில் இருந்த ஒரு லிட்டரும் சேர்ந்து இறங்கியது. மொத்தம் 18. கீழ்த் தொட்டி விளிம்பு தட்டி நின்று, ஒரு குவளை அளவு தரையில் வழிந்தது. வாய்ப்பாட்டுக்கு இவ்வளவு பணிந்து நடக்கும் தண்ணீரை நான் பார்த்ததில்லை.

தீர்வு இன்னொரு துளைதான், நல்லவேளையாக பிளாஸ்டிக்கில். எல்போவின் உச்சியில் 6 மி.மீ. அளவில் ஒன்று. காற்று அந்த வழியாக உள்ளே போவதால் சைஃபன் பிடிப்பதில்லை. தண்ணீர் பல்க்ஹெட் வாயின் மேல் வழிந்து மட்டுமே இறங்குகிறது. அந்தச் சிறு துளையில் பாசி அடைத்தால் பழைய கதை திரும்பும் என்பதால், தண்ணீர் மாற்றும் நாளில் பல்குச்சியால் குத்திவிடுகிறேன். உபரித் துளையில் எல்போவே மாட்டவில்லை, சல்லடை மூடி மட்டும். முதல் துளையை உள்ளங்கையால் பொத்திச் சோதித்தேன். நீர்மட்டம் ஒன்றரை சென்டிமீட்டர் ஏறி, உபரி வழியாக வழியத் தொடங்கியது.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று பார்க்கப் பம்பின் பிளக்கைப் பிடுங்கி எட்டு முறை சோதித்தேன். எட்டு முறையும் கீழ்த் தொட்டி நாலு சென்டிமீட்டர்தான் ஏறியது. விளிம்புக்கு ஆறு மிச்சம். 25 செ.மீ.யில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டு, பம்பு ஓடும்போது இதற்கு மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று மகள் எழுதி ஒட்டினாள். மீன்களை மறுநாள் விட்டோம். வட்டத் துண்டுகள் இரண்டையும் விளிம்பைத் தேய்த்து அவளே எடுத்துக்கொண்டாள். ஒன்று இப்போது என் மேசையில் காபி டம்ளருக்கு அடியில் இருக்கிறது, டம்ளரைவிடச் சின்னது என்பதால் அது அடிக்கடி ஆடுகிறது.